பன்னிரண்டு பேருக்காக வைத்திருந்த கண்ணாடி

புனிதமலர் கண்ட இடத்தில் துப்புகிறவள் அல்ல. அடுத்தவர் வீட்டுக் கழிப்பறையைக்கூட முகம் சுளிக்காமல் பளிச்சென்று கழுவி வைப்பவள். ஆனால் இத்தாலியின் பலெர்மோ நகரில் காலை ஏழரைக்கு லிபெர்த்தா வீதிப் பக்கம் போகும் பஸ் அந்த மஞ்சள் கட்டடத்தைக் கடக்கும்போது மட்டும் கைப்பையிலிருந்து ஒரு கடதாசிக் கைக்குட்டையை எடுப்பாள். முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பி, அதற்குள் துப்பி, நாலாக மடித்து, இறங்குகிற இடத்துக் குப்பைத்தொட்டியில் போடுவாள். ஒரு வருடத்துக்கு மேலாக இது நடந்தது. பக்கத்தில் இருப்பவர்கள் அவளுக்குச் சளி என்று நினைத்துக்கொண்டார்கள்.

சளி இல்லை, அருவருப்பு. அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் தளபாடக் கடையாக இருந்தது. பிறகு சிறு வழக்குகளை விசாரிக்க அதில் இரண்டு மாடியை வாடகைக்கு எடுத்தார்கள். கதிரை மேசை விற்ற காலத்தில் அங்கே போனவர்கள் ஒரு கதிரையோடாவது திரும்பி வந்திருப்பார்கள். புனிதமலரும் தம்பி சூசைதாசனும் இரண்டு வருடம் அதன் படி ஏறி இறங்கியும் வெறுங்கையோடுதான் வந்தார்கள். கொண்டு போனதைத் திருப்பிக் கொண்டு வந்தார்கள் என்று சொன்னால் இன்னும் சரி.

அவள் மன்னார்த் தீவுக்காரி. அவள் குடும்பத்தில் கோடு கச்சேரி என்று நீதிமன்றப் படி ஏறினவர்கள் யாருமில்லை. வலை அறுத்த சண்டையானாலும் வேலி தள்ளிப் போட்ட சண்டையானாலும் கோயில் விறாந்தையில் சுவாமியாருக்கு முன்னால் தொண்டை கிழியக் கத்தி முடித்துவிட்டு, அடுத்த ஞாயிறு பூசைக்கு ஒன்றாக முழங்காலில் நிற்கிற சனம். ஒரே ஒரு தடவை அவளுடைய அப்பு, தன் சைக்கிளைத் திருடியவனைக் கையும் களவுமாகப் பிடித்துப் பொலிசில் கொடுத்தார். கள்ளன் மூன்றாம் நாள் வெளியே வந்துவிட்டான். சாட்சிப்பொருள் என்று எடுத்து வைத்த சைக்கிள் மட்டும் வரவேயில்லை. சாட்சிப்பொருளைப் பொலிஸின் கையில் கொடுத்தால் அது போனதுதான் என்று அவள் எட்டு வயதில் மனத்தில் எழுதி வைத்தாள்.

மிச்சத்தைப் பலெர்மோவில் தொலைக்காட்சி படிப்பித்தது. எண்பத்தாறில் வந்து சேர்ந்து, கோயில் கன்னியாஸ்திரிகள் மூலமாக லிபெர்த்தாவில் அகத்தா அம்மையாரின், அந்த ஊர்ப் பேச்சில் சிஞ்ஞோரா அகத்தாவின், வீட்டு வேலையில் சேர்ந்தாள். சிஞ்ஞோராவுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன; வாய்க்கு ஒரு குறையும் இல்லை. மதியம் சாப்பாடு முடிந்ததும் இரண்டு மணி தொடக்கம் நாலு மணி வரை அமெரிக்க நீதிமன்றத் தொடர்கள், இத்தாலியக் குரல் போட்டு ஓடும். சிஞ்ஞோரா சாய்கதிரையிலும், புனிதமலர் அவவின் காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு கீழேயும் இருந்து பார்ப்பார்கள். புனிதமலரின் இத்தாலிய மொழி முழுவதும் அந்தத் தொடர்களில் பொறுக்கியதுதான். சந்தையில் மீன்காரன் விலையைக் கூட்டிச் சொன்னால், எழுந்து நிற்கிற வக்கீலைப் போல விரலை நீட்டி, ஆட்சேபிக்கிறேன் என்பாள். மீன்காரனும் சிரித்துவிட்டு இரண்டு மத்தி கூடப் போடுவான்.

தொடர்கள் எல்லாம் ஒரே மாதிரித்தான். ஒரு அப்பாவி கூண்டில் நிற்பான். பணக்காரப் பொய்யர்கள் வரிசையாக வந்து சத்தியம் பண்ணுவார்கள். ஓரத்தில் இரண்டு வரிசையாகப் பன்னிரண்டு சாதாரண மனிதர்கள், தபால்காரன், தையல்காரி, பள்ளிக்கூட ஆசிரியை என்று, வாய் திறக்காமல் இருப்பார்கள். எல்லாம் முடிந்து போயிற்று என்று நினைக்கிற நேரத்தில், வக்கீல் பைக்குள் கையை விட்டு ஒரு பொருளை வெளியே எடுப்பார். ஒரு சாவி, அல்லது ஒரு கையுறை. பொய்யன் முகம் வெளிறும், பன்னிரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். அந்த இடத்தில் சிஞ்ஞோரா அகத்தா கை தட்டுவா. தன் அண்ணன் தோத்தோ புரூக்ளினில் உண்மையாகவே அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவனாக இருந்தவன் என்று நூறாவது தடவையாகச் சொல்லுவா.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு மாசி மாதத்தில், வீட்டு வேலைக்காரருக்கு அரை நாள் ஓய்வான ஒரு வியாழக்கிழமை பின்னேரம், அது நடந்தது. சூசைதாசன் நகரத்தின் பிரான்காச்சோப் பகுதியில் ஒரு தச்சுப் பட்டறையில் வேலை செய்தான். வயது இருபத்தெட்டு. பியர்ப் போத்தலைக் கண்டால்கூட வேறு பக்கம் போகிறவன். தகப்பனின் குடியைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. அக்கா மீன் குழம்பு கொண்டு போயிருந்தாள். இருவரும் பஸ்ஸுக்காக ஓரமாக நின்றார்கள். ஒரு பச்சைக் கார் வந்தது, ஓரத்தை உரசிக்கொண்டு வந்தது, அவனை அடித்து எறிந்துவிட்டு நிற்காமல் போனது. அவனுடைய வலது முழங்கால் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கவில்லை. அவன் பக்கத்தில், தண்டோடு முறிந்து, காரின் பக்கக் கண்ணாடி கிடந்தது. பச்சைக் கூடு, மூலையில் ஒரு கீறல், மற்றப்படி முழுசாக இருந்தது.

எதிரே இருந்த தேநீர்க்கடைக்காரன் வெளியே ஓடி வந்து, போன காரின் இலக்கத்தைச் சிகரெட் பெட்டியில் எழுதினான். போக்குவரத்துப் பொலிஸ் வந்து அவளிடம் கேள்வி கேட்டது. அவள் கண்டதெல்லாம் சொன்னாள். ஆனால் கண்ணாடியைச் சொல்லவில்லை. அது ஏற்கெனவே அவளுடைய பைக்குள், குழம்புச் சட்டி சுற்றிய துணிக்குள் போயிருந்தது. அப்புவின் சைக்கிள் கண்ணுக்கு முன்னால் நின்றது. போதாததற்கு, தொடர்களில் பொலிஸுக்குக் கொடுத்த பொருள் எப்போதும் காணாமல் போகும் என்றும் அவளுக்குத் தெரியும்.

அடுத்த நாள் சிஞ்ஞோராவிடம் மட்டும் சொன்னாள். சிஞ்ஞோரா கண்ணாடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தா. கண் பளபளத்தது.

"யாருக்கும் காட்டாதே. அவன் முதலில் பொய் சொல்லட்டும். கடைசி நாளில், எல்லோருக்கும் முன்னால் எடு."

அப்படியே ஒரு வெண்ணெய் பிஸ்கட் தகரப் பேணிக்குள் அந்தக் கண்ணாடி போயிற்று. பேணி மடு மாதா சுரூபத்துக்குக் கீழே போயிற்று. கோயில் மூலமாக வந்த வக்கீல் முறைப்பாடு எழுதும்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை. தம்பிக்கும் சொல்லவில்லை. வழக்கு நாள் வந்ததும் அவனே பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று நினைத்தாள். இந்த மூளைக்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கெட்டித்தனம் என்று அவள் வைத்திருந்தாள்.

இலக்கத்தை வைத்து ஆளைப் பிடித்தார்கள். அதே பகுதியில் டயர் விற்கிற ஒருவனின் மகன். அன்றைக்குக் கார் வீட்டை விட்டு வெளியே போகவில்லை என்றான். அந்தக் கறுவல் குடித்துவிட்டுத் தானே விழுந்திருப்பான், அந்தப் பகுதியில் எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள் என்றும் சேர்த்துச் சொன்னான். அவன் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். எழுத்தில் விழுந்ததும் அது நடக்கத் தொடங்கிவிட்டது. கோயிலுக்கு வந்தது, மன்னாருக்குக் கடிதத்தில் போனது. சூசைதாசனுக்குப் பேசி வைத்திருந்த யூலியானாவின் வீட்டார், கால் நொண்டியானால் பரவாயில்லை, குடிகாரனுக்குப் பெண் தரமாட்டோம் என்று மோதிரத்தைத் திருப்பி அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு சூசைதாசனுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. நட்டஈடு வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். நீதிபதி ஒருவர் சபையில், இவன் குடிக்கவில்லை, அந்தக் கார்தான் அடித்தது என்று சொல்லவேண்டும். அந்தத் தாளைப் போட்டோப்பிரதி எடுத்து மன்னாருக்கு அனுப்பவேண்டும். இதை அவன் அக்காவிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னான். அவள் மாதா சுரூபத்தைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

வழக்கு எடுபட மூன்று வருடம் ஆனது. தொண்ணூற்றுநாலில் முதல் தவணைக்கு, பேணியைப் பையில் வைத்துக்கொண்டு, ஈஸ்டருக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். வாசலில் சப்பாத்துக்கால் வைக்க இடமில்லாமல் சிகரெட் கட்டைகள் கிடந்தன. படிக்கட்டில் மூத்திர நாற்றம். உள்ளே, கூரையில் தளபாடக் கடையின் விளக்குகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. அவள் முதலில் தேடியது பன்னிரண்டு பேரை. சுவர் ஓரமாக ஒரு நீள மர வாங்கில் கறுப்புக் கோட்டுக்காரர் கொஞ்சப் பேர் இருந்தார்கள். எண்ணினாள். பதினாலு வந்தது. இரண்டு பேர் உபரிக்கு இருப்பார்கள் என்று சமாதானப்பட்டாள். பிறகு பார்த்தால் அவர்கள் வேறு வேறு வழக்குகளின் வக்கீல்கள். ஒருவர் காதைக் குடைந்துகொண்டிருந்தார். ஒருவர் உதைபந்தாட்டப் பத்திரிகை வாசித்தார்.

அன்றைக்கு மொழிபெயர்க்க வந்தவர் பேரின்பநாயகம். ஊரில் நீதிமன்றக் கிளாக்காக இருந்து, இங்கே பகேரியாவில் ஒரு பழைய மாளிகைக்குத் தோட்டம் பார்ப்பவர். தவணை நாட்களில் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு ரயிலில் வருவார். பன்னிரண்டு பேரும் எங்கே என்று அவரிடம் கேட்டாள். அவர் பாவமே என்று அவளைப் பார்த்தார். இந்த அளவு வழக்குக்கு இந்த நாட்டில் ஒற்றை நீதிபதிதான், கொலை போன்ற பெரிய வழக்குக்கு மட்டும் நீதிபதிகளோடு பொதுச்சனம் ஆறு பேர் சேர்ந்து இருப்பார்கள் என்றார். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. தோட்டக்காரருக்கு என்ன தெரியும் என்று நினைத்தாள்.

அன்றைக்கு எதிரியின் வக்கீல் வரவில்லை, வழக்கு இன்னொரு நாளுக்குப் போனது. தவணை. அடுத்த முறை வக்கீல்கள் வேலைநிறுத்தம். தவணை. பிறகு ஒரு முறை தேநீர்க்கடைக்காரனுக்கு அழைப்பு போய்ச் சேரவில்லை என்றார்கள். அவன் கடை அதே இடத்தில், அதே பலகையோடு இருந்தது. அரச தரப்பில் பேசுவதற்கு ஒவ்வொரு தவணைக்கும் ஒரு புது முகம் வந்து, வழக்குக் கோப்பை அங்கேயே முதல் தடவையாகத் திறந்து, சூசைதாசனின் பெயரை நாலு விதமாக வாசிக்கும். ஒரு வழியாகச் சூசைதாசன் சாட்சி சொல்லி முடித்தான். உடனே நீதிபதிக்கு இடமாற்றம் வந்தது. புது நீதிபதி வந்தால் சாட்சிகளைத் தன் காதால் கேட்கவேண்டுமாம். ஆகவே முதலில் இருந்து தொடங்கினார்கள். ஊன்றுகோலோடு மூன்று மாடி ஏறி, தன் கால் முறிந்த கதையை அவன் இரண்டாம் முறையும் சொன்னான். வேர்த்து வழிய நின்றான். ஒருவர்கூட அவனுக்கு ஒரு கதிரை போடவில்லை.

தொண்ணூற்றாறு வைகாசியில் தேநீர்க்கடைக்காரனைப் பிடித்துக் கொண்டு வந்தார்கள். சிகரெட் பெட்டியில் இலக்கம் எழுதிய அதே மனிதன் கூரை விளக்கைப் பார்த்துக்கொண்டு, எழுதினேனா, ஞாபகம் இல்லை, அந்தப் பெட்டியில் முன்பே எழுதியிருந்ததோ தெரியாது என்றான். முன்வரிசையில் டயர்க்கடைத் தகப்பன் காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டு இருந்தான். கடைக்காரன் போகும்போது அவனுக்குத் தலை அசைத்துவிட்டுப் போனான். மாஃபியாக்காரர் நீதிபதிகள் இருவரைக் குண்டு வைத்துக் கொன்ற பிறகு, நகரம் முழுக்க அந்த வருடங்களில் நீதி, நீதி என்று எழுதிச் சன்னல்களில் சீலை தொங்கவிட்டிருந்தார்கள். இங்கே ஒருவனுக்குச் சிகரெட் பெட்டி ஞாபகம் இல்லை.

அடுத்தது புனிதமலர். மொழிபெயர்ப்பு வேண்டாம் என்றாள். வலது கையை உயர்த்தினாள். உயர்த்தத் தேவையில்லை என்றார்கள். "வோஸ்த்ரோ ஒனோரே" என்று தொடங்கினாள். வாங்கில் இருந்த வக்கீல்கள் பத்திரிகையைத் தாழ்த்திச் சிரித்தார்கள். கனம் நீதிபதி அவர்களே என்று அந்த நாட்டில் யாரும் நீதிபதியை அழைப்பதில்லை. அது தொலைக்காட்சிக்காரர் அமெரிக்கத் தொடருக்காக உண்டாக்கிய மரியாதை. அவளுக்கு அது தெரியாது. நடந்ததைச் சொன்னாள். பிறகு, ஐந்து வருடம் காத்திருந்த அந்த நிமிடத்தில், பையைத் திறந்து, பேணியைத் திறந்து, துணியை விரித்து, பச்சைக் கண்ணாடியை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினாள். எதிரியின் முகத்தைப் பார்த்தாள்.

அவன் முகம் உண்மையாகவே வெளிறியது. அதை இன்றைக்கும் சத்தியம் பண்ணிச் சொல்லுவாள். ஆனால் அதைப் பார்க்க அங்கே பன்னிரண்டு பேர் இருக்கவில்லை. இருந்த ஒரு நீதிபதி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது அமெரிக்கா இல்லை, சிஞ்ஞோரா" என்றார் அவர்.

எதிரியின் வக்கீல் எழும்பினார். கோபப்படவில்லை, குரலை உயர்த்தவில்லை. இந்தப் பொருள் ஐந்து வருடம் எங்கே இருந்தது என்று கேட்டார். பிஸ்கட் பேணியில் என்றாள். யாராவது பொலிஸ்காரர் இதைத் தெருவில் கண்டாரா? இல்லை. தாளில் எங்கேயாவது பதிந்திருக்கிறதா? இல்லை. பலெர்மோவில் எத்தனை பச்சைக் கார் ஓடுகிறது என்று அம்மையாருக்குத் தெரியுமா? தெரியாது. அந்தக் கார் தொண்ணூற்றிரண்டிலேயே பழைய இரும்புக்குப் போய் நசுக்கப்பட்டுவிட்டது, இதை எதனோடு பொருத்திப் பார்ப்பது என்று கேட்டுவிட்டு அவர் இருந்தார். நீதிபதி, இது பட்டியலில் இல்லாத பொருள், எங்கிருந்து வந்தது என்றும் யாருக்கும் தெரியாது, எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். அவள் கண்ணாடியைத் துணியோடு பேணிக்குள் திணித்தாள், மூடி பொருந்தவில்லை. பேரின்பநாயகம் வந்து பேணியை மூடிக் கொடுத்தார்.

தீர்ப்பு ஆடி மாதம் வந்தது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை, எதிரி விடுதலை. குடியைப் பற்றி ஒரு சொல் இல்லை. இருந்தது என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. சூசைதாசன் அந்தத் தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு மடித்துப் பொக்கற்றில் வைத்தான். மேல்நீதிமன்றம் போகலாமா என்று கேட்டதற்கு, அங்கே பெரும்பாலும் இந்தத் தாள்களைத்தான் திரும்ப வாசிப்பார்கள், தாளில் இல்லாதது அங்கேயும் இருக்காது, அதற்கு மேலே ரோமில் சட்டப் பிழை மட்டும்தான் பார்ப்பார்கள் என்று வக்கீல் சொல்லிவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விட்டார். கண்ணாடியைக் குப்பையில் போடப் போனாள் அக்கா. தம்பி வாங்கி, கம்பியால் கட்டி, குசினித் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டான். சவரம் செய்ய நல்லது என்றான்.

புனிதமலருக்கு அமெரிக்கப் பைத்தியம் பிடித்தது அதற்குப் பிறகுதான். தோத்தோவின் பழைய கடிதங்களைச் சிஞ்ஞோராவை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, மனப்பாடமாக்கிக்கொண்டு, ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் பிடித்த ஆளுக்குப் பிரசங்கம் வைப்பாள். அங்கே இரண்டு ஏணி, ஒவ்வொரு மாநிலத்துக்கும் சொந்தமாக ஒரு ஏணி, முழு நாட்டுக்கும் பொதுவாக இன்னொரு ஏணி. கார் அடித்தால் மாநில ஏணி, நாட்டுச் சட்டத்தை மீறினால் மற்றது. அநேகமாக மூன்று படி. கீழ்ப்படியில்தான் சாட்சி, பொருள், பன்னிரண்டு பேர். நடந்தது என்ன என்று பன்னிரண்டு பேர் சொல்லுவார்கள், சட்டம் என்ன என்று நீதிபதி சொல்லுவார். நடுப்படியில் சாட்சி இல்லை, கீழே சட்டம் சரியாக நடந்ததா என்று மட்டும் பார்ப்பார்கள். உச்சியில் ஒன்பது பேர், தங்களுக்குப் பிடித்த வழக்கைத்தான் எடுப்பார்கள். இப்படிச் சொல்லிக்கொண்டு வந்து, கடைசியில் எப்போதும் ஒரே இடத்தில் முடிப்பாள்: "அங்கையெண்டா என்ர கண்ணாடியைப் பன்னிரண்டு பேரும் கையிலை வாங்கிப் பாத்திருப்பினம்." பெடியள் அவளுக்கு அமெரிக்கன் கோடு என்று பட்டம் வைத்தார்கள். தூரத்தில் கண்டால் எழுந்து நின்று வலது கையை உயர்த்துவார்கள். அவள் ஒன்றையும் காதில் வாங்கவில்லை.

தொண்ணூற்றேழு ஆவணியில் தோத்தோ நேரிலேயே வந்தார். எழுபத்தாறு வயது, புரூக்ளினில் நாற்பது வருடம் இறைச்சி வெட்டிய கை. தங்கையின் வீட்டு மேசையில் இருந்து கத்தரிக்காய்ப் பொரியலை வழித்துச் சாப்பிட்டார். புனிதமலர் அன்றைக்குப் பத்துக் கறி வைத்திருந்தாள். பன்னிரண்டு பேரில் ஒருவரை உயிரோடு காண்பது அவளுக்கு அப்போஸ்தலர் ஒருவரைக் காண்பது போல இருந்தது. சாப்பாடு முடியும்வரை பொறுத்திருந்து, கண்ணாடியின் கதையைத் தொடக்கத்தில் இருந்து சொன்னாள். அமெரிக்காவாக இருந்தால் எப்படி முடிந்திருக்கும் என்று அவர் வாயால் கேட்கவேண்டும்.

தோத்தோ பல்லுக்குள் குச்சி விட்டுக்கொண்டே கேட்டார். முதலில், தான் இரண்டு தடவை அழைக்கப்பட்டதாகவும், முதல் தடவை மூன்று நாள் ஒரு அறைக்குள் கதிரையில் நித்திரை கொண்டதாகவும் சொன்னார். நூறு வழக்கில் தொண்ணூறு பன்னிரண்டு பேரிடம் வருவதேயில்லை. வெளியே நடையில் வைத்து, இதை ஒப்புக்கொள், அதைக் குறைக்கிறேன் என்று மாட்டுக்கு விலை பேசுகிற மாதிரிப் பேசி முடித்துவிடுவார்கள் என்றார். சில இடங்களில் நீதிபதியையே வாக்குப் போட்டுத் தெரிவு செய்வார்கள், தன் கடைக் கண்ணாடியில் ஒரு நீதிபதி பல்லைக் காட்டும் சுவரொட்டி ஒட்டிவிட்டுப் போனார் என்றும் சொன்னார். புனிதமலருக்கு இதெல்லாம் பொறுக்க முடிந்தது. கண்ணாடியைச் சொல்லுங்கள் என்றாள்.

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு அல்ல, வயிறு நிறைந்தவரின் சிரிப்பு.

"அங்கேயும் எடுத்திருக்க மாட்டார்கள் மகளே. என்னென்ன இருக்கிறது என்று முன்கூட்டியே மற்றப் பக்கத்துக்குக் காட்டவேண்டும். கண்டெடுத்த நாளே பொலிஸில் கொடுத்துப் பதியவேண்டும். கடைசி நாளில் பைக்குள் இருந்து எடுப்பது தொலைக்காட்சியில் மட்டும்தான்."

புனிதமலர் சிஞ்ஞோரா அகத்தாவைப் பார்த்தாள். யாருக்கும் காட்டாதே என்று சொன்ன வாய் அது. சிஞ்ஞோரா மூக்குக்கண்ணாடியைத் தேடினா; அது அவவின் மூக்கிலேயே இருந்தது. பிறகு, மணி இரண்டாகிவிட்டது, தொலைக்காட்சியைப் போடு என்றா. புனிதமலர் போட்டாள். வக்கீல் பைக்குள் கையை விடுகிற நேரம் வந்தபோது அவள் எழும்பிவிட்டாள். குசினிக்குள் போய்ப் பத்துச் சட்டியையும் ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவினாள். ஒருத்தரையும் திட்டவில்லை. ஆறு வருடமாகத் திட்டுவதற்குச் சேர்த்து வைத்த ஆட்கள் எல்லோரையும் மனத்தில் வரிசையாக நிறுத்திப் பார்த்தாள்: காதைக் குடைந்தவர், கடிகாரத்தைப் பார்த்தவர், கூரை விளக்கைப் பார்த்தவன். எல்லோரும் அயோக்கியர்கள்தான், அதில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் அவர்கள் யாரும் அந்தக் கண்ணாடியை ஒளித்து வைக்கவில்லை. கார் முழுசாக நின்ற முதல் வருடம் முழுக்க அது மாதாவின் காலடியில் இருந்தது.

பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது சூசைதாசன் தண்ணீர்த் தொட்டியடியில் நின்று சவரம் செய்துகொண்டிருந்தான். ஊன்றுகோல் சுவரில் சாய்ந்திருந்தது. ஆணியில் தொங்கிய பச்சைக் கண்ணாடிக்குள், கீறல் விழுந்த மூலையில் அவன் காது இரண்டாகத் தெரிந்தது. அவள் பையைக்கூட இறக்கவில்லை.

"தம்பி, அமெரிக்காவிலையும் எடுக்க மாட்டினமாம். அண்டைக்கே பொலிசிலை குடுத்திருக்க வேணுமாம். நான்தான்ரா உன்ர பேரைக் கெடுத்தனான்."

அவன் திரும்பவில்லை. கண்ணாடிக்குள்ளாகவே அக்காவைப் பார்த்தான். தாடைக்குக் கீழே இருந்த நுரையை மெதுவாக வழித்து எடுத்தான்.

"எனக்குத் தெரியுமக்கா. பேரின்பநாயகம் ஐயா அண்டைக்கே படியிலை வைச்சுச் சொன்னவர். முதல் நாளே குடுத்திருந்தா அவன் தப்பியிருக்க ஏலாதாம்."

"அப்ப ஏன்ரா எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் அமெரிக்கா, அமெரிக்கா எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சியள். உங்களுக்குக் கோவிக்க ஒரு இடம் வேணுமெண்டு விட்டிட்டன்."

சவரக்கத்தியைத் தண்ணீரில் அலசி வைத்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, தேத்தண்ணி வைக்கவா என்று கேட்டான். அவள் ஓம் என்றாள்.

அடுத்த நாள் காலை ஏழரை பஸ்ஸில் வழக்கமான சன்னலோர இருக்கை கிடைத்தது. மஞ்சள் கட்டடம் வந்தது. வாசலில் கறுப்புக் கோட்டுக்காரர் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றார்கள், படியில் யாரோ ஒருவன் ஊன்றுகோலோடு ஏறிக்கொண்டிருந்தான். புனிதமலரின் வாயில் எச்சில் ஊறியது. கைக்குட்டையை எடுத்தாள். பஸ் கட்டடத்தைத் தாண்டும்வரை அதைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு இருந்தாள். பிறகு நாலாக மடித்து, சுத்தமாகவே பைக்குள் வைத்துவிட்டு, வாயில் ஊறியதை விழுங்கினாள்.